நாம் சும்மா செய்வதும் சும்மா போவதில்லை

என் மகளுக்கு மூன்றரை வயது. ஒரு நாள் மாலை தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆறாவதோ ஏழாவதோ வைக்கும்போது மொத்தமும் சரிந்துவிட்டது. அவள் அழவில்லை. கண்ணை ஒரு கணம் மூடினாள், தலையை இடது பக்கம் லேசாகச் சாய்த்தாள், “ச்சு” என்று உச்சுக் கொட்டினாள். அப்புறம் மூக்கு வழியாக நீளமாக ஒரு பெருமூச்சு.

“இதை எங்கே கத்துக்கிட்டா?” என்று கேட்டேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் தலை நிமிராமலே, “உன்கிட்டதாம்மா. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா நீ அப்படித்தானே பண்றே” என்றார்.

எனக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பதே அதுவரை தெரியாது. மறுநாள் கவனித்தேன். மின்னஞ்சலில் ஒரு எழுத்துத் தப்பாக விழுந்தது. கண் மூடியது, தலை சாய்ந்தது, உச்சு வந்தது. அச்சு அசல் அதே வரிசை. “ஏதாவது தப்பாப் போனா பொறுமையா மறுபடி செய்யணும்” என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவள் எடுத்து வைத்துக்கொண்டது நான் சொன்னதை அல்ல, சொல்லாமல் செய்ததை. அன்றைக்குத்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் மனதில் நின்றவற்றை, இந்த விஷயத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஒரு செயலுக்கு இரண்டு வேலை

நாம் செய்யும் எந்தச் சின்னக் காரியத்துக்கும் ஒரு நேரடி வேலை இருக்கிறது. கதவைத் திறந்தால் உள்ளே போகலாம். குப்பையைத் தொட்டியில் போட்டால் கை காலியாகும். இது நமக்குத் தெரிந்த வேலை. அதே செயலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பார்க்கிறவருக்கு அது ஒரு தகவலைச் சொல்கிறது: “இங்கே இப்படித்தான்.” வரிசையில் நிற்பவர் முன்னால் இருப்பவரை இடித்துக்கொண்டு போனால், பின்னால் இருப்பவருக்குக் கிடைக்கும் தகவல் அது. தப்புச் செய்த ஒருவர் உடனே ஒப்புக்கொண்டால், கூட வேலை பார்ப்பவர்களுக்குக் கிடைக்கும் தகவலும் அதுதான்.

மனிதனுக்கு எல்லாவற்றையும் தானே யோசித்து முடிவெடுக்க நேரம் கிடையாது. புது இடத்துக்குப் போனால் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா, சத்தமாகப் பேசலாமா கூடாதா என்பதையெல்லாம் யாரிடமும் கேட்பதில்லை. மற்றவர்களைப் பார்க்கிறோம், அதன்படி நடக்கிறோம். உளவியலில் இதைச் சமூகத் தாக்கம் என்கிறார்கள். நாம் அடுத்தவரைப் பார்த்து நடக்கிறோம் என்று சொன்னால் எல்லோரும் சுலபமாக ஒத்துக்கொள்வோம். அடுத்தவரும் அப்படியே நம்மைப் பார்த்து நடக்கிறார் என்பது மட்டும் மறந்துபோகிறது. இந்தக் கட்டுரை அந்த மறதியைப் பற்றியது.

குழந்தைகள் எடுத்து வைத்துக்கொள்வது

1961-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் செய்த சோதனை இந்தத் துறையில் மிகப் பிரபலம். பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியிலிருந்து 72 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். மூன்று பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்குக் குழந்தைகளின் கண்முன்னால், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மை ஒன்றை அடித்தார். அடித்தால் சாய்ந்து மறுபடி நிமிருமே, அந்த மாதிரிப் பொம்மை. அதன்மேல் ஏறி உட்கார்ந்தார், மூக்கில் குத்தினார், மரச்சுத்தியால் தலையில் தட்டினார். இரண்டாவது பங்குக் குழந்தைகள் பார்த்த பெரியவர், பொம்மையைக் கண்டுகொள்ளாமல் அமைதியாக விளையாடினார். மூன்றாவது பங்குக்கு யாரையும் காட்டவில்லை.

பிறகு குழந்தைகளைத் தனித்தனியாக அதே பொம்மை இருக்கும் அறையில் விட்டார்கள். அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் வெறுமனே முரட்டுத்தனமாக விளையாடியதோடு நிற்கவில்லை. பெரியவர் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தார்கள், அவர் குத்திய இடத்திலேயே குத்தினார்கள், அவர் சொன்ன வார்த்தைகளையே சொன்னார்கள். யாரும் அவர்களிடம் “இப்படிச் செய்” என்று சொல்லவில்லை. செய்தால் பரிசு என்றும் சொல்லவில்லை. பார்த்தது மட்டுமே போதுமாக இருந்தது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, 1965-ல் அவர் வெளியிட்ட தொடர்ச்சிச் சோதனை. இந்தத் தடவை குழந்தைகளுக்குப் படமாகக் காட்டினார். ஒரு படத்தின் முடிவில், பொம்மையை அடித்தவருக்குத் திட்டு விழுகிறது. அதைப் பார்த்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அடித்தார்கள். நல்லது, பாடம் படியவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஆனால், “அந்தப் படத்தில் வந்தவர் என்னென்ன செய்தார், செய்து காட்டினால் பரிசு தருகிறேன்” என்றதும் அந்தக் குழந்தைகளும் மற்றவர்களுக்குச் சமமாக எல்லாவற்றையும் செய்து காட்டினார்கள். அதாவது பாடம் முழுதாகப் படிந்திருந்தது, வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

இதை யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. பிள்ளை திரும்பச் செய்யவில்லை என்பதை வைத்து அது பார்க்கவில்லை என்று முடிவு கட்ட முடியாது. எங்கேயோ எடுத்து வைத்திருக்கிறது. தகுந்த நேரம் வரும்போது வெளியே வரும்.

செயலை மட்டும் எடுப்பதில்லை, முகத்தையும் படிக்கிறார்கள். 1985-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த பெரிய மேசைமேல் தவழ விட்டார்கள். பாதி தூரம் போனதும் கண்ணாடிக்கு அடியில் தரை ஒரு முழம்கூட இல்லாத ஆழத்துக்கு இறங்குகிற மாதிரி தெரியும். பயப்படவும் செய்யலாம், பயப்படாமலும் போகலாம் என்கிற அளவு ஆழம். எதிர்ப்பக்கம் அம்மா நின்றார். அம்மா சிரித்த முகமாக இருந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் தாண்டி வந்தார்கள். அம்மா பயந்த முகத்தோடு நின்றபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. அம்மா வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் குழந்தைக்கு, அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதைச் சொன்னது அம்மாவின் முகம்.

பெரியவர்களுக்கும் இது உண்டு, ஆனால் மங்கலாக. ஒருவர் காலை ஆட்டிக்கொண்டே பேசினால் எதிரில் இருப்பவரின் காலும் கொஞ்சம் கூடுதலாக ஆடத் தொடங்கும் என்று 1999-ல் ஓர் ஆய்வு காட்டியது. கேட்டால், அப்படிப் பார்த்து ஆட்டியவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. கடுகடுப்போடு ஒருவர் நுழைந்ததும் அறையே கனத்துப்போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

முன்பின் தெரியாதவர்களும் பார்க்கிறார்கள்

வீட்டில் இருப்பவர்கள் நம்மைப் பார்த்து நடப்பது சரி. தெருவில் போகிற யாரோ ஒருவர் நம்மைப் பார்த்தா மாறப்போகிறார் என்று கேட்கலாம். மாறுகிறார்.

அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினியும் அவரோடு இருந்தவர்களும் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாகன நிறுத்தத்தில் கார்களின் கண்ணாடியில் துண்டுப் பிரசுரங்களைச் செருகி வைத்தார்கள். காருக்குத் திரும்பி வருகிறவர் அதை எடுத்தாக வேண்டும். அக்கம்பக்கத்தில் குப்பைத் தொட்டி இல்லை. கீழே போடுகிறாரா என்பதுதான் கேள்வி. தரை சுத்தமாக இருந்த நாட்களில் 14 சதவீதம் பேர் போட்டார்கள். வேண்டுமென்றே குப்பை இறைத்து வைத்த நாட்களில் 32 சதவீதம் பேர் போட்டார்கள். குப்பை நிறைந்த தரை, அதோடு எதிரே வந்த ஒருவர் கண்ணெதிரில் ஒரு காகிதத்தைப் போட்டுவிட்டும் போகிறார் என்றால், 54 சதவீதம். பாதிக்கு மேல்.

இதுவரை எதிர்பார்த்ததுதான். நான்காவது நிலைதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. தரை சுத்தம், ஆனால் எதிரே வந்தவர் காகிதத்தைப் போட்டுவிட்டுப் போகிறார். கெட்டதைப் பார்த்து அதையே செய்வார்கள் என்றால் இந்த எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும். 6 சதவீதமாகக் குறைந்தது. சுத்தமான தரையில் விழுந்த அந்த ஒற்றைக் காகிதம் கண்ணை உறுத்தியது. “இங்கே யாரும் போடுவதில்லையே” என்பதை அதுவே கவனப்படுத்தியது. ஆக, நாம் ஒருவரையொருவர் அப்படியே நகல் எடுப்பதில்லை. “இங்கே இப்படித்தான்” என்பது எது என்று தேடுகிறோம். அந்தத் தரையைச் சுத்தமாக வைத்திருந்த, முகம் தெரியாத நூறு பேரின் நடத்தை, எதிரே வந்த ஒருவரின் நடத்தையைவிடப் பலமாகப் பேசியது. யாரும் பார்க்காதபோது ஒழுங்காக நடந்துகொள்வதால் என்ன பயன் என்று எனக்குள்ளேயே கேட்டிருக்கிறேன். அதற்கு இந்த 6 சதவீதத்தைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு செயல் அதே மாதிரிச் செயலை மட்டும்தான் தூண்டுமா? அதுவும் இல்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்தில் 2008-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொடரில், ஒரு தபால் பெட்டியின் வாயில் பாதி வெளியே நீட்டியபடி ஓர் உறையை வைத்தார்கள். உள்ளே 5 யூரோ நோட்டு இருப்பது வெளியிலிருந்தே தெரியும். பெட்டி சுத்தமாக இருந்தபோது அந்த வழியே போனவர்களில் 13 சதவீதம் பேர் உறையைத் திருடினார்கள். பெட்டியின்மேல் கிறுக்கி வைத்திருந்தபோது 27 சதவீதம். பெட்டியைச் சுற்றிக் குப்பை கிடந்தபோது 25 சதவீதம். யாரோ கிறுக்கியதற்கும் இன்னொருவர் திருடுவதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. “இங்கே யாரும் எதையும் மதிப்பதில்லை” என்ற தகவல்தான் இரண்டையும் இணைத்தது.

சும்மா இருப்பதும் ஒரு செயல்

எதுவும் செய்யாமல் இருந்தால் யாரையும் பாதிக்க மாட்டோம் என்று நினைப்பது இயல்பு. பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இருவர் 1968-ல் வெளியிட்ட சோதனையைப் படித்த பிறகு அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

கல்லூரி மாணவர்களை ஒரு அறையில் உட்கார வைத்து ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் சுவரில் இருந்த துவாரம் வழியாகப் புகை வரத் தொடங்கியது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய் வெளியே சொன்னார்கள். அடுத்து, ஆய்வாளர்களின் ஆட்கள் இரண்டு பேரைக் கூட உட்கார வைத்தார்கள். அவர்கள் புகையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கியபடி எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது 10 பேரில் ஒரே ஒருவர்தான் எழுந்து போனார். மற்ற ஒன்பது பேர் இருமிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, முகத்துக்கு முன்னால் புகையைக் கையால் விலக்கிக்கொண்டு எழுதினார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டபோது, நீராவி என்று நினைத்தேன், ஏசியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன் என்றெல்லாம் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர் சும்மா இருந்ததால்தான் நானும் சும்மா இருந்தேன் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த இருவரின் அமைதியே புகையை ஆபத்தில்லாததாக்கிவிட்டது.

கூட்டத்தில் ஒருவரை யாராவது மட்டம் தட்டிப் பேசும்போது நாம் குனிந்து செல்போனைப் பார்க்கிறோம். அதை நாம் ஒதுங்கியிருப்பதாக நினைக்கிறோம். மட்டம் தட்டப்பட்டவர் அதை எப்படிப் படிப்பார்? பக்கத்தில் இருக்கும் புதிய ஊழியர் எப்படிப் படிப்பார்?

ஒரே ஒருவர் போதும்

இதன் மறுபக்கம் நம்பிக்கை தருகிறது. 1950-களில் சாலமன் ஆஷ் என்பவர் செய்த சோதனை வெகு எளிமையானது. ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் எது இதே நீளம் என்று கேட்டார். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் குழுவில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள். அவர்கள் ஒரே குரலில் தப்பான பதிலைச் சொன்னார்கள். உண்மையான பங்கேற்பாளர்கள், கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு, ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை கூட்டத்தோடு கோவிந்தா போட்டார்கள். நான்கில் மூன்று பேர் குறைந்தது ஒரு தடவையாவது அப்படிச் செய்தார்கள்.

இதை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆஷ் நிறுத்தவில்லை. கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான பதில் சொல்ல வைத்தார். தப்பான பதில்கள் கால்வாசியாகக் குறைந்தன. அந்த ஒருவர் இன்னொரு தப்பான பதிலைச் சொன்னபோதும் கூட்டத்தின் பிடி தளர்ந்தது. வேறு மாதிரிச் சொல்லவும் இங்கே இடமிருக்கிறது என்று தெரிவதே பெரிய விடுதலை.

சில வருடங்களுக்கு முன் வேலை இடத்தில் ஒரு புதிய மென்பொருளுக்குப் பயிற்சி நடந்தது. இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். பயிற்சி தந்த இளைஞர் நான்கைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை “புரிஞ்சுதா?” என்று கேட்பார், எல்லோரும் தலையாட்டுவோம். எனக்கு இரண்டாவது திரையிலேயே விட்டுப்போய்விட்டது. எனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று முடிவு கட்டி, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். முன்வரிசையில், ஓய்வு பெறப்போகும் வயதில் இருந்த ஒருவர் கையைத் தூக்கினார். “தம்பி, நீங்க மூணாவதா சொன்னதிலிருந்தே எனக்குப் புரியலை. கொஞ்சம் முதல்லேர்ந்து சொல்லுங்களேன்.” குரலில் தயக்கமோ கூச்சமோ இல்லை. ஒரு விநாடி அமைதி. அப்புறம் பின்னாலிருந்து “எனக்கும்” என்றது ஒரு குரல். அதற்குப் பின் ஐந்தாறு கைகள் உயர்ந்தன, அவற்றில் என்னுடையதும் ஒன்று. அந்தப் பெரியவர் எங்களுக்கு எதையும் கற்றுக்கொடுக்க நினைக்கவில்லை. தனக்குப் புரியாததைக் கேட்டார், அவ்வளவுதான். அதற்கடுத்த மாதங்களில் எங்கள் கூட்டங்களில் “புரியலை” என்ற சொல் சகஜமாகிவிட்டது.

எவ்வளவு தூரம் போகும்?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. நம் செயல் நண்பருக்குப் போய், அவரின் நண்பருக்குப் போய், அவரின் நண்பர் வரைக்கும் போகும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நிகோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஒரு மூலம். 12,067 பேரின் 32 வருடத் தரவுகளை வைத்து, உடல் பருமன்கூட நட்பு வழியாகப் பரவுவதாகச் சொன்னார்கள். ஒருவருக்கு நண்பர் பருமனானால், அவரும் பருமனாகும் வாய்ப்பு 57 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு முறையைப் புள்ளியியலாளர்கள் பலர் கேள்வி கேட்டார்கள். கேள்வி நியாயமானது. இனம் இனத்தோடு சேரும் அல்லவா? ஒரே மாதிரிப் பழக்கம் உள்ளவர்கள்தான் நண்பர்கள் ஆகிறார்கள். ஒரே சூழலில் இருப்பதால் இருவரும் ஒரே மாதிரி மாறவும் செய்யலாம். அவர் இவரை மாற்றினாரா, இருவரும் சேர்ந்தே மாறினார்களா என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

அதனால் என் ஒரு புன்னகை உலகத்தைச் சுற்றி வரும் என்பது போன்ற பேச்சை நான் நம்புவதில்லை. அது தேவையும் இல்லை. நமக்கு அருகில் இருப்பவர்களிடம், நேரில், நம் நடத்தை வேலை செய்கிறது. அது போதுமான அளவு பெரிய விஷயம். இன்னொன்று, தாக்கம் என்பது கட்டுப்பாடு கிடையாது. அம்மாவின் பயந்த முகம் 17 குழந்தைகளையும் நிறுத்தியது உண்மை. சிரித்த முகத்தைப் பார்த்தும் 19 பேரில் 5 பேர் வரவில்லை என்பதும் உண்மை. பிள்ளை கெட்ட வழியில் போனால் பெற்றவர்தான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடுகிறவர்கள் இந்த 5 பேரை மறந்துவிடுகிறார்கள்.

கையில் இருப்பது

நல்லதன் தாக்கத்தை நாம் குறைவாகவே எடை போடுகிறோம் என்பதற்கும் சான்று உண்டு. அமித் குமார், நிகோலஸ் எப்லி இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்கு உதவியவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். படிப்பவருக்கு எப்படி இருக்கும் என்று எழுதியவர்களிடம் கேட்டார்கள், பிறகு படித்தவர்களிடமும் கேட்டார்கள். படித்தவர்கள் அடைந்த மகிழ்ச்சி, எழுதியவர்கள் நினைத்ததைவிட அதிகம். அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமோ என்று எழுதியவர்கள் பயந்த அளவுக்குச் சங்கடமும் இல்லை. வார்த்தை சரியாக வரவில்லையே என்று எழுதியவர் தவித்தார், படித்தவருக்கு அது பெரிதாகப் படவில்லை. யாருக்காவது நன்றி சொல்ல நினைத்து, இப்போது போய்ச் சொன்னால் நன்றாக இருக்குமா என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால், சொல்லிவிடுங்கள்.

என்னைப் பொறுத்தவரை, நாள் முழுக்க என்னை யார் பார்க்கிறார்கள் என்று காவல் காத்துக்கொண்டிருக்க முடியாது. அப்படிச் செய்தால் நடிப்பாகத்தான் போகும். எனக்கு உதவியது வேறு. என்னோடு இருப்பவரிடம் கேட்டேன். “எரிச்சல் வந்தா நான் என்ன பண்றேன்?” என்று கணவரிடம் கேட்டபோது, அவர் யோசிக்கக்கூட இல்லை, மூன்று விஷயம் சொன்னார். உச்சு அதில் ஒன்று. மற்ற இரண்டும் எனக்குப் புதுச் செய்தி. கேட்கும்போது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் நம் முதுகை நாமே பார்க்க முடியாது, பின்னால் நிற்பவர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், நடந்ததை மறைக்காமல் அவர்கள் முன்னாலேயே திருத்துவது. பண்டூராவின் குழந்தைகளை நினைத்துக்கொண்டுதான் இதை ஆரம்பித்தேன். எரிச்சலைப் பார்த்து எடுத்து வைக்கிறாள் என்றால், எரிச்சலுக்கு அப்புறம் வருவதையும் பார்த்து எடுத்து வைப்பாள் அல்லவா? உச்சுக் கொட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. வந்தால், “அம்மா தப்பா அடிச்சிட்டேன். பரவாயில்லை, அழிச்சிட்டு மறுபடி அடிக்கிறேன்” என்று அவள் காதில் விழும்படி சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

போன வாரம் கட்டைகள் மறுபடி சரிந்தன. கண் மூடியது, தலை சாய்ந்தது, “ச்சு” வந்தது. அதற்குப் பின் மெதுவாக, தனக்குத்தானே, “பரவாயில்லை, அழிச்சிட்டு மறுபடி” என்றாள். கட்டையை எப்படி அழிப்பது என்று அவளுக்குக் குழப்பமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள்ளங்கையால் தரையைத் துடைத்தாள். பிறகு முதல் கட்டையை எடுத்து வைத்தாள்.